ஆளுக்குப் பாதி மருந்து

அறுபதுகளில் நான் போர்ட் பிளேரில் கால்நடைத் துறை ஸ்டாக்மேன். டாக்டருக்குக் கீழே, பியூனுக்கு மேலே. ஆனால் குடியேறியவர்களின் கிராமங்களில் எனக்குப் பெயர் டாக்டர் பாபு. நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

மருந்துப் பையும் மாட்டு வாயில் மருந்து ஊற்ற ஒரு மூங்கில் குழாயுமாக சிப்பிகாட் வரை பஸ்ஸில் போவேன். அங்கிருந்து சௌல்தாரிக்கு நடை. மழை, சேறு, அட்டை. ஊர் போய்ச் சேர்ந்து கால்சட்டையை மடித்தால் நாலைந்தாவது தொங்கும். அட்டையின் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. வேண்டிய மட்டும் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடுகிறது. போதும் என்பது அதற்காவது தெரிகிறதே.

என் கோபமெல்லாம் ஈரல் புழுவின் மேல்தான். வேப்பிலை மாதிரித் தட்டையாக இருக்கும். மாட்டின் ஈரலுக்குள் குடியிருந்துகொண்டு, ரத்தத்தைத் தின்றுகொண்டு, முட்டையைச் சாணத்தோடு வெளியே அனுப்பும். முட்டை தண்ணீரில் பொரிந்து ஒரு சின்ன நத்தைக்குள் போகும். ஒன்றாக உள்ளே போவது நூற்றுக்கணக்கில் வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மாடு மேய்ந்தால் மறுபடியும் ஈரல். ஆக அதற்குத் தங்க இரண்டு உடம்பு வேண்டும், வளர நத்தை, வாழ மாடு. நத்தை இருக்கும் பள்ளத்தில் மேய்க்காதீர்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. பள்ளத்தை விட்டால் அங்கே புல் ஏது? மீதியெல்லாம் காடு.

கெட்டிக்கார ஒட்டுண்ணி தான் தங்கியிருக்கும் உடம்பைக் கொல்லாது, உடம்பு போனால் அதற்கும் சோறு போச்சு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். சௌல்தாரிப் புழுக்கள் அந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. கப்பலில் வந்து இறங்கியபோதே பாதி எலும்பாக இருந்த மாடுகள் அவை. வயிறாரத் தீனியும் கிடையாது. புழு கொஞ்சம் கூடினாலும் தாங்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்பே மாடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்க ஆரம்பித்தது. ஈரல் புழு முற்றிவிட்டதற்கு அதுதான் அடையாளம். மெயின்லாண்டிலிருந்து மருந்து வர வேண்டும், கப்பல் தாமதம். கைவசம் இருந்த பொடியை டாக்டர் என்னிடம் கொடுத்து, "பதிமூணு மாட்டுக்குத்தான் வரும். ரொம்ப முடியாததுக்கு முழு அளவு ஊத்து. இல்லேன்னா ஊத்தவே ஊத்தாதே" என்றார்.

சௌல்தாரியில் என் முன்னால் இருபத்தாறு மாடுகள் நின்றன.

அந்த ஊரில் எல்லாமே பங்குதான். குடியேறியபோது நிலம் ஆளுக்கு ஒரே அளவு, கூரைத் தகரம் ஒரே எண்ணிக்கை, உழவு மாடு குடும்பத்துக்கு ஒரு ஜோடி. வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம் ஆட்கள் என்று ஆளுக்கொரு மொழி பேசிய ஊர் சண்டையில்லாமல் ஓடியது அந்தப் பங்கினால்தான். நான் பையைத் திறந்ததுமே முன்னால் நின்ற வங்காளிப் பெரியவர், "சப்கோ பராபர், பாபு" என்றார். எல்லோருக்கும் சமமாக. கூட்டம் தலையாட்டியது.

பாதி மருந்துக்குப் பாதிப் புழு சாகும் என்பது கணக்குப் பாடத்தில்தான். ஈரலுக்குள் அப்படி நடக்காது. கொஞ்சம் மயங்கிக் கிடந்துவிட்டுப் பழையபடி தின்ன ஆரம்பித்துவிடும். இதை எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு தடவை சொன்னேன். "அப்படியானால் யார் மாட்டை விடுவாய்?" என்று கேட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நடந்த கால் வலித்தது, பசி வேறு. வாதாடத் தெம்பில்லை. பொடியை இருபத்தாறாகப் பிரித்தேன்.

வரிசையின் கடைசியில் ராமநாதபுரம் பக்கத்து அம்மாள் ஒருவர் நின்றார். புருஷன் ஹேடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். நிலம், உழவு எல்லாம் இவர் தலையில். ஒரு ஜோடி, ஒரு செவலை, ஒரு மயிலை. செவலையின் தாடை தண்ணீர்ப் பை போலத் தொங்கியது.

கிட்டே வந்து குரலைத் தணித்து, "அண்ணே, மயிலைக்கு வேணாம். அதோட பங்கையும் சேத்துச் செவலைக்கே ஊத்திருங்க. இது படுத்துட்டா இந்த வருஷம் எனக்கு உழவு இல்ல" என்றார்.

நியாயமான பேச்சு. அவருடைய பங்கிலிருந்து அவரே எடுத்துக்கொள்கிறார், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவர் தமிழில் பேசினார், நான் தமிழில் கேட்டேன், இருபது ஜோடிக் கண்கள் எங்களைப் பார்த்தன. தமிழ்க்காரிக்கு மட்டும் முழு மருந்து ஊற்றினான் என்று நாளைக்கே போர்ட் பிளேர் வரை போகும்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா" என்றேன். செவலைக்குப் பாதி, மயிலைக்குப் பாதி. போகும்போது எல்லோரும் கைகூப்பினார்கள். வங்காளிப் பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் போனபோது வயல் நடுவிலேயே செவலை செத்துக் கிடந்தது. பக்கத்தில் நுகத்தடி. மயிலை வரப்பில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. என்ன நோய் என்று எழுத வேண்டும், அறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஊர் சுற்றி நிற்க வயிற்றைத் திறந்து ஈரலை எடுத்துக் கீறினேன். தடித்துப்போயிருந்த பித்தக் குழாய்களுக்குள்ளிருந்து புழுக்கள் வந்தன. நெளிந்துகொண்டே வந்தன.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

"மருந்து குடிச்ச மாடுதானண்ணே இது?"

"ஆமாம்மா."

"பெறகு எப்படிப் புழு உசுரோட இருக்கு?"

"மருந்து பத்தலை."

"பத்தாதுன்னு ஊத்துறப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அலுப்பில் அதுகூட வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவர் நுகத்தடியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மற்ற வயல்களில் உழவு முடிந்த கையோடு, அந்த மழையில் சௌல்தாரியில் இன்னும் நான்கு மாடுகள் போயின. சமமாகத்தான் கொடுத்தார் பாபு, விதி என்றார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உழவுக்காலம் முடிந்த பிறகு கப்பல் வந்தது. இந்தத் தடவை எல்லா மாட்டுக்கும் முழு அளவு காணும். பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் போனேன். ஊரில் ஒரே ஒரு வயல் மட்டும் நாற்றில்லாமல் கோரை மண்டிக் கிடந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அவர் மயிலையைப் பிடித்துக்கொண்டு அதே கடைசியில் நின்றார். நான் வரிசையைத் தாண்டி நேராக அவரிடம் போய், "உங்க மாட்டுக்கு முதல்ல ஊத்திர்றேம்மா" என்றேன்.

"வேணாம்ணே. வரிசைப்படியே வாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "உங்க நல்ல பேரு கெட்டுறப்போகுது."

திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் முறை வர வெகுநேரம் ஆயிற்று. மயிலையின் வாயைப் பிளந்து முழு அளவு மருந்தையும் ஊற்றினேன். அது மடமடவென்று குடித்தது. அது பிழைத்தது. ஜோடி இல்லாத மாடு, அவருக்கு அதை வைத்து உழ முடியாது.