காணாக்கடி

உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தால் எங்கள் பக்கத்தில் அதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்று அர்த்தம். என் சித்திக்கு வாரத்தில் நாலு நாள் அது வரும். கடித்தது எது என்று தேடிக் கொல்லாமல், வெற்றிலையில் மிளகு வைத்து அவளை மெல்லச் சொல்லும் பெரியவர்கள் மேல் எட்டு வயதில் எனக்கு மகா எரிச்சல்.

சித்தி எங்கள் வீட்டில் தங்கிப் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், ஓட்டம்தான் பாக்கி. வெண்ணாற்றங்கரையில் அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமே, அப்படியொரு ஓட்டம்! ஆனால் இந்த முறை விட்டால் வயது கடந்துவிடும்.

தஞ்சாவூரில் ஓட்டத் தேர்வு நடப்பதற்கு முந்தின நாள் நானே களத்தில் இறங்கினேன். பூச்சி சித்தியின் பாயில்தான் குடியிருக்கிறது என்று முடிவுகட்டி, பாயையும் போர்வையையும் கொல்லையில் வைக்கோல்போர் மேல் விரித்து, வெயிலில் காயவைத்து, தடியால் மொத்தினேன். மதியம் சித்தி அதில் சற்றுக் கண்ணயர்ந்தாள். எழுந்தபோது உதடு வீங்கி, ஒரு கண் மூடிக்கிடந்தது. உடம்பெல்லாம் தடிப்பு.

என்னத்தைத் தின்று தொலைத்தாய் என்று அம்மா பதறினாள். சித்தி போர்வையை உதறினாள். வைக்கோல் தூசு பறந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எதிர்வீட்டுல கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன்க்கா.”

நாளைக்கு ஓட்டத்தை வைத்துக்கொண்டு நாக்கை அடக்கத் தெரியாதா என்று அம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அரிப்புக்கான மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளும், கால் எழும்பாது என்று சித்தி அதையும் தொடவில்லை. பாதி திறந்த கண்ணோடு போய் ஓடினாள். தேறினாள்!

வீக்கம் கருவாட்டால் வந்தது என்றே நம்பி, பூச்சியைக் கொன்றவள் நான்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். கேட்டவர்களிடம் சித்தியும், “ஆமாங்க, இவதான் கொன்னா” என்றாள்.

இப்போது எனக்கும் தடிப்பு வருகிறது. கடிப்பது எதுவுமில்லை, நோயை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்திதான் ஆள் தெரியாமல் நம் தோலோடு மல்லுக்கு நிற்கிறது, வைக்கோல் சுணை பட்டால் இன்னும் மூர்க்கமாகும் என்றார் டாக்டர். ஏட்டம்மாவாகிவிட்ட சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“எனக்கு அப்பவே டாக்டர் சொன்னதுதான்டி” என்றாள்.

பூச்சியே இல்லை என்று தெரிந்தேதான் என்னை வீராங்கனையாக்கியிருக்கிறாள். அன்று தோற்று வேலை போயிருந்தாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள் என்பது அந்த வயதில் எனக்கு எப்படிப் புரியும்?