ஒலிபரப்பாகாத நாலு நிமிடம்

ஒலிப்பதிவு தொடங்குமுன் மிஸ் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிடுவார். அதன் இரைச்சல் நேயர்களுக்குக் கேட்கும் என்பது அவர் கவலை. பிறகு அந்தச் சிறிய அறையில் வியர்வை வழிய ஒரு மணித்தியாலம் நாட்டு நடப்பைப் பேசுவோம். வவுனியாவில் ஒரு சிறு வானொலியில் நான் நிகழ்ச்சி தயாரிப்பவன். மிஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர். நேயர்களின் அரசியல் கேள்விகளுக்கு அவர் வரலாற்றிலிருந்து பதில் சொல்வார். கேள்வியை வாசிப்பதும், பதிவானதைத் திருத்துவதும் என் வேலை.

ஒரு தேர்தலுக்கு முந்திய வாரம் நாயாறு என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒரு மீனவர் கேட்டிருந்தார்: எல்லாத் தேர்தலிலும் வாக்குப் போட்டேன், என் கரையில் வலை இழுக்க அனுமதி கேட்டு இன்னும் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைகிறேன், பிறகு வாக்கு எதற்கு? மிஸ் அன்று சட்டங்களிலிருந்து தொடங்கவில்லை. தன் தகப்பனாரைப் பற்றிப் பேசினார். அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், கடல் கடந்து வந்த தொழிலாளர் வழியில் பிறந்தவர். சுதந்திரம் கிடைத்த கையோடு பாராளுமன்றம் கையுயர்த்தி அவருடைய குடியுரிமையையும் வாக்கையும் பறித்தது. பின்னர் கலவரத்துக்குத் தப்பிக் கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளைக்கு வந்து, வாய்க்காலின் கடைசியில் ஒரு துண்டுக் காணி செய்தார். தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் மற்றவர்கள் கதிரைகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வேலியோரம் நிற்பார்.

"சாகுமட்டும் அப்பிடித்தான் நிண்டவர். தண்ணி போதுமோ எண்டு ஒருத்தரும் அவரிட்டைக் கேக்கேல்லை. அப்பிடி நிக்க விட்டதும் எங்கட தமிழ்ச் சனந்தான்," என்றார்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து, அரசாங்கம் காணி கொடுத்த குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். அப்படியொரு கூட்டத்தில் என் அப்பா கதிரையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேலியோரம் நின்றவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை. அன்று மாலை கண்டாவளையைப் பற்றிய நாலு நிமிடத்தையும் வெட்டினேன். தேர்தல் நேரத்தில் எங்களுக்குள் எதற்கு இந்தக் கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாராளுமன்றம் செய்தது மட்டும் ஒலிபரப்பானது.

அடுத்த வாரம் மிஸ் வந்ததும், யார் வெட்டியது என்று கேட்டார். மேலிடம் என்றேன். "ஓம்" என்றவர் அடுத்த கேள்வியைக் கேட்டு வாங்கினார். மேலிடத்துக்கு அப்படி ஒரு பதிவு இருந்ததே தெரியாது.

இரண்டு வருடம் அந்தப் பொய்யோடு அவருக்கு எதிரே இருந்து சனநாயகம் பேசினேன். ஒருநாள் பஸ் நிலையத்தில் அவர் கிளிநொச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது உண்மையைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபிக்கவும் அலுத்திருந்தது.

"வெட்டினது பெரிசில்லைத் தம்பி. காரணத்தைச் சொல்லியிருந்தா நானே சிலவேளை வெட்டுங்கோ எண்டிருப்பன். என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

அந்தப் பகுதியைத் திரும்ப ஒலிபரப்பலாம் என்று தேடினேன். வெட்டியதை நான் சேமித்து வைத்திருக்கவில்லை.

மிஸ் இப்போது இல்லை. மீனவரின் கேள்வியையே வேறு ஊர்களிலிருந்து வேறு ஆட்கள் இன்னும் அனுப்புகிறார்கள். பதில் சொல்ல யார் யாரையோ அழைக்கிறேன். எதையாவது வெட்டுவதானால், வெட்டும் இடத்தைப் போட்டுக் காட்டி, சம்மதமா என்று கேட்கிறேன். பலர் முழுதாகக் கேட்காமலே, "உங்கட விருப்பம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். களைப்பாக இருக்கிறது. ஆனாலும் அடுத்தவரிடமும் கேட்கிறேன்.