தேத்தண்ணிக் கடை இல்லாத கணக்கு

பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முட்டை வாங்கிய நான், நேற்று மகன் வரும் பஸ்ஸுக்குக் கணக்குப் போட்டு மீன் ஆணத்தை அடுப்பில் ஏற்றினேன். பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தான். மனைவி இறந்தபின் இந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்து நாளாகிவிட்டது.

யோசனை தந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. “பஸ் ஒன்று சீரான வேகத்தில் செல்கிறது” என்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வரி என்னைச் சின்ன வயதில் இருந்த தன்னாமுனை வீட்டுக்குள் தள்ளிவிட்டது.

அப்பாவுக்குக் காத்தான்குடிப் புடவைக்கடையில் வேலை. சைக்கிளில்தான் வருவார். நான் தூரத்தை வேகத்தால் பிரித்து நேரம் சொல்ல, அம்மா அதை நம்பி ஆணம் வைப்பார். புளியும் தேங்காய்ப்பாலும் வீடெல்லாம் மணத்து, ஆறி, ஆடை படர்ந்த பிறகுதான் சைக்கிள் மணி கேட்கும்.

“மனெ, உன்ட கணக்கில தேத்தண்ணிக் கடையே இல்லையே!” என்று அப்பா சிரிப்பார்.

அதனால் இம்முறை வழியிலுள்ள தேத்தண்ணிக் கடைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆணத்தை மறுபடி மறுபடி சூடாக்கியும் மகனைக் காணவில்லை. போனில் கூப்பிட்டேன்.

“எவடத்தில மனெ வாறாய்?”

“லீவு கிடைக்கல்ல. நான் வெளிக்கிடவே இல்லப்பா.”