தலைகீழாக ஒரு மலை

வெந்தெலீன் ஹுடாக் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நின்று பழகிய கால். உட்கார வைத்தால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்புக்குத் தீனி போடத்தான் தபால்தலை சேர்த்தார். போப்ராட் ஊரில் ஞாயிறு பூசை முடிந்ததும் மதுக்கடையில் கூடித் தபால்தலை மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில் அவருக்கு நிரந்தர இடம் உண்டு. உட்காரத்தான் மாட்டார்.

பல வருடங்களாக அவர் தேடி அலைந்தது ஒரே ஒரு தபால்தலை. போருக்கு முந்தையது, நீல நிறம், டாட்ரா மலையும் அடியில் ஏரியும்.

பக்கத்து ஊரான லெவோச்சாவின் தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒடீலியாவை மணக்க அவருக்கு ஆசை. நேரில் கேட்க நாக்கு எழவில்லை. எழுதிக் கேட்டார். அங்கே காதலர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: தபால்தலையை நேராக ஒட்டினால் வெறும் நட்பு, தலைகீழாக ஒட்டினால் சம்மதம். "பதிலை ஒட்டி அனுப்புங்க, போதும்" என்று முடித்திருந்தார்.

கார்டு வந்தது. அதில் நீல மலை. அவ்வளவுதான், மனிதர் மற்றதையெல்லாம் மறந்தார். சாஸரில் தண்ணீர் ஊற்றிக் கார்டை அதில் போட்டார். தபால்தலை கழன்று மிதந்து ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான் அவருக்கு உயிரே போயிற்று. முத்திரையும் கோணலாக, முழுக்கத் தபால்தலை மேலேயே விழுந்திருந்தது; கார்டில் அதன் தடமே இல்லை. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் முதல் பஸ்ஸிலேயே லெவோச்சா போய் வரிசையில் நின்றார். நின்றார் என்பதைவிடத் தவித்தார் என்பதே சரி.

"கார்டு கெடச்சுதா?" என்றாள் ஒடீலியா.

"கெடச்சுது."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவர் தொப்பியைத் திருகினார்.

"தண்ணியில போட்டுட்டீங்களா?"

"கை சும்மா இருக்கல."

"அது எங்கப்பா வச்சிருந்தது. உங்களுக்காகத்தான் கேட்டு வாங்கினேன். நீங்க என்னடான்னா மலையப் பாத்தீங்க, என்னப் பாக்கல."

அவர் முகம் செத்துப்போயிற்று. பின்னால் கூடையோடு நின்ற கிழவி, "தம்பி, அழுறதுன்னா ஓரமாப் போய் அழு. என் பார்சல்ல வெண்ணெய் உருகுது" என்றாள்.

ஒடீலியா கையை நீட்டினாள். அவர் கார்டையும் தபால்தலையையும் கொடுத்தார். அவள் அலுவலகக் கோந்துப் புட்டியைத் திறந்து, தபால்தலையின் முதுகில் தாராளமாகத் தடவினாள். இனி அது எந்தச் சேகரிப்பாளனும் தொடாத குப்பை. மலையின் உச்சி கீழே பார்க்கும்படி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இப்பப் பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

வெந்தெலீன் கார்டை வாங்கிக்கொண்டார். கை பரபரக்கவில்லை. கிழவிக்கு வழிவிட்டு, ஓரத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.