எஞ்சினுக்குப் போட்ட மாலை

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், சிங்காநல்லூர் சிக்னல் பக்கத்தில் என் கார் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வாங்கி இரண்டு மாதம்தான். பழைய கார் என்றாலும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாத வாரண்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாமல்தான் நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு அந்தக் காரை வாங்கினேன். அது நின்றால் அவர் வைத்தியமும் நின்றுவிடும்.

சூடு ஆறியதும் பானெட்டைத் திறந்தேன். பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிட்டது. பூஜையன்று எல்லோரும் காருக்கு முன்னால் மாலை கட்டுவார்கள். எனக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். உழைப்பதெல்லாம் எஞ்சின்தானே என்று அதற்கும் உள்ளே ஒரு செண்டுமல்லி மாலையைப் போட்டேன். சாமி கும்பிட்டுப் போட்டதை நாமே எடுக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று விட்டும்விட்டேன். அது சரிந்து, எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் ஃபேனில் மாட்டியிருந்தது. கைக்கு அகப்பட்ட பூவையெல்லாம் பிய்த்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு, கார் விற்ற இடத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் ஆளனுப்பிக் காரை இழுத்துப் போனார்கள். மாலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் அங்கே போய் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது. ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று முதலாளியை ஒரு பிடி பிடித்தேன். அவரும் சளைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த கோளாறு என்றால் வாரண்டி கிடையாது, பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்.

பிரித்துப் பார்த்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். விற்கும் முன்னால் ஒவ்வொரு காரையும் சோதித்து, தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். கிரீஸ் கையோடு வந்து, ஃபேனில் சுற்றிக் கிடந்த பூ நூலைக் காட்டினார். வாடிய இதழ் இரண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்படிங்க உள்ள வந்துச்சு? இதுக்கெல்லாம் நாங்க எப்படிங்க பொறுப்பாக முடியும்?" என்று முதலாளி எழுந்துவிட்டார். எங்கிருந்து பறந்து வந்ததோ, எனக்கென்ன தெரியும் என்று கூசாமல் சொன்னேன்.

அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"ஃபேன் நின்னது நூலாலதானுங்க. ஆனா சூடு ஏறுனா மீட்டர்ல சிவப்பு லைட் எரியோணும். இந்த வண்டில அந்த வயர் எப்பவோ அந்து, பச்சை பூத்துக் கெடக்குதுங்க. லைட் எரிஞ்சிருந்தா இவங்க அப்பவே நிறுத்தியிருப்பாங்க, எஞ்சின் போயிருக்காது. நான் அதைப் பாக்காமயே டிக் அடிச்சுப்போட்டனுங்க. தப்பு என்னோடதுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு விளக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. வேலை போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் தலை குனியாமல் நின்றார். அதற்குமேல் என்னால் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மாலை போட்டதும் நான்தான், பூவைப் பிய்த்து எறிந்ததும் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இப்படிப் பேசுனா நான் யாருகிட்டத்தானுங்க சண்டை போடறது?" என்று உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் வேலை வாரண்டியில், ஃபேன் என் பொறுப்பு என்று முடிவானது.

பத்தாம் நாள் காரை எடுக்கப் போனபோது அதே பெண்தான் சாவி கொடுத்தார். அவர் வேலை போகவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது. என்னை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். "இந்தச் சிவப்பு லைட் ஒருக்கா எரிஞ்சு அணையோணுங்க அக்கா. தினமும் பாத்துப்போட்டுக் கெளம்புங்க."

என் கணவர் இப்போது கோலூன்றித் தானே நடந்து வந்து காரில் ஏறுகிறார். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து அணையும். யாரும் கேட்காமலே தன் தப்பைச் சொன்ன அந்தப் பெண்ணின் முகம் அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். கேட்டும் சொல்லாமல் நின்ற என் முகமும் கூடவே வரும்.