முருங்கை மரத்தில் ஒரு சோம்பேறி

போன செவ்வாய்க்கிழமை காலை, லாஸ்பேட்டையில் எங்கள் புது குவார்ட்டர்ஸின் பின்புற முருங்கையில் ஒரு பிராணி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். பெரிய கண். வால் இல்லை. அசையவும் இல்லை.

கல்லூரி விலங்கியல் லேபில் டெக்னீஷியனாக இருப்பவளுக்குப் பெயர் தெரியாதா? தேவாங்கு! ஆனால் நான் பழகியதெல்லாம் பாட்டிலில் மிதக்கும் தேவாங்குடன். அதற்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு ஆல்பேர் அண்ணன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்து, நாற்பதுக்குள் பென்ஷனோடு திரும்பியவர். அதில் இரண்டு வருடம் தென் அமெரிக்காவில், கயானா காட்டில்.

"அட, இது எங்க ஆளு! அங்க இத சோம்பேறின்னுதான் சொல்லுவாங்க. எலதான் திங்கும். வாரத்துக்கு ஒருவாட்டிதான் கீழ எறங்கும், அதுவும் வெளிக்குப் போவ."

"அது ஸ்லாத், அண்ணே. இது தேவாங்கு. பூச்சி தின்னும்."

"நீ புக்குல பாத்த. நான் நேர்ல பாத்தேன்."



வனத்துறைக்குப் போன் செய்தேன். ஜீப் வியாழக்கிழமைதான் வருமாம். அதுவரை பட்டினி கிடந்தால் செத்துப்போகுமே! பட்டியல் போட்டேன். ஒன்று, பால் — திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு, வாழைப்பழம் — எறும்பு தின்றது. மூன்று, அண்ணன் கொண்டுவந்த செம்பருத்தி இலை — அதன் தலையில் விழுந்து அப்படியே இருந்தது. நான்கு, நான் பிடித்த வெட்டுக்கிளி — ஓடிவிட்டது.

என் புத்தகமும் தப்பு, அவர் கயானாவும் தப்பு என்றால்… இது யார்?

புதன் சாயங்காலம், விரலை எண்ணிவிடுவது என்று முடிவானது. கயானா சோம்பேறிக்கு மூன்று நகம்தானாம். அண்ணன் ஸ்டூலில் ஏறினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" குரல் இறங்கியது. "நாலு… அஞ்சு."

"அப்புறம்?"

"ஒருவேள இந்த ஊர்ல அஞ்சா இருக்குமோ?"

இருட்டிவிட்டதே என்று கொல்லை லைட்டைப் போட்டேன். விட்டில்கள் வந்தன. இரண்டு நாளாக அசையாத கை மெல்ல, மிக மெல்ல நீண்டது… டக்! ஒரு விட்டில் வாய்க்குள் போனது. பகல் முழுக்கத் தூங்குகிறவரை எழுப்பி எழுப்பிப் பால் நீட்டியிருக்கிறோம்!

வியாழக்கிழமை வனக்காவலர் வந்தார். இழுத்துப் பார்த்தார். பிடி விடவில்லை.

"பிச்சுடாதீங்க சார், கெளயோட வெட்டுங்க. அங்க அப்பிடித்தான் எடுப்போம்," என்றார் அண்ணன். கயானா ஜெயித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

"எங்கேருந்தோ வழி தவறி வந்திருக்கு சார்," என்றேன்.

காவலர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இங்க ஒரு முந்திரித் தோப்பு இருந்துச்சே, மேடம்?"

"அத வெட்டித்தான இந்தக் குவார்ட்டர்ஸ் கட்டுனாங்க."

"அப்ப அது எங்க வழி தவறுச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் முருங்கையைப் பார்த்தேன். ஸ்லாத்தோ தேவாங்கோ, மரம் சாயும்போது ஓடத் தெரியாத ஜாதி. 'நீ யார்' என்று மூன்று நாள் துருவிய நாங்கள், 'நீ எங்கே இருந்தாய்' என்று ஒருமுறை யோசிக்கவில்லை.

செஞ்சிப் பக்கம் காட்டில் விடுவார்களாம். ஜீப் புறப்பட்டது. கிளையைக் கட்டிக்கொண்டு அது தூங்கிக்கொண்டே போனது.

வீட்டுச் சொந்தக்காரரையே காலி செய்யவைத்து, வண்டியிலும் ஏற்றி, டாட்டா காட்டிய குடித்தனக்காரர்கள் வேறு எங்காவது உண்டா?