மூன்று வரி ஆர்மிட்டேஜ்

‘ஒருவேளை’ என்ற சொல் கண்ணில் பட்டதும் அதை அடித்துவிட டெரன்ஸ் ஆர்மிட்டேஜின் கை பேனாவைத் தேடும். அடுத்து ‘சில சூழல்களில்’ போகும். ‘இது மேலும் ஆராயத்தக்கது’ என்ற வரியை மட்டும் இரண்டு முறை அடிப்பார். ஒன்று வரிக்காக, இன்னொன்று அதை எழுதியவருக்காக. நாற்பது பக்கக் கட்டுரை அவர் மேஜைக்கு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு பக்கமாகிவிடும். சாயங்காலம் மழைக்கோட்டை மாட்டும்போது மூன்று வரிதான் மிஞ்சியிருக்கும். “கவுன்சிலருங்க மூணு வரிக்கு மேல படிக்க மாட்டாங்க கண்ணு. நாலாவது வரிக்குள்ள டீ வந்துடும்” என்பார். துணைவேந்தரும் அவருக்குக் ‘கண்ணு’தான்.

பல்கலைக்கழகத்தில் அவர் வேலையின் பெயர் தாக்க மேலாளர். பேராசிரியர்கள் கண்டுபிடிப்பதால் ஊரில் என்ன மாறியது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கம் கேட்கும். பதிலைப் பார்த்துத்தான் மானியம். ஆகவே ஆராய்ச்சி எதையாவது மாற்றியாக வேண்டும், மாற்றியதற்குச் சாட்சியும் வேண்டும். சாட்சி தேடி அலைபவர் ஆர்மிட்டேஜ். துணை மந்திரி ஒருவர் வானொலியில் போகிறபோக்கில் “அறிஞர்கள் சொல்கிறார்கள்” என்றார். அந்த அறிஞர்கள் நம்மவர்கள்தான் என்று ஐந்து துறைகளின் கணக்கில் தனித்தனியே சேர்த்துக்கொண்டவர் இவர்.

நடைவழியில் அவருடைய ரப்பர் காலணி கீச்சிட்டால் வரலாற்றுத் துறையில் விளக்குகள் அணையும். மடாலயத்து ஆட்டு மந்தைகளைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவரிடம் ஒருநாள், “இதனால இன்னிக்கு எந்த ஆட்டுக்கு என்ன லாபம்?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அந்த மனிதர் மறுநாளே மருத்துவ விடுப்பில் போனார்.

ஆர்மிட்டேஜைத் தேடித் தானாக வந்தவர் ஒரே ஒருவர்தான்: ஆராய்ச்சியாளர் டாக்டர் ஃப்ரேயா லின்ஸ்கில். அவர் ஆராய்ந்த ஹாவ்கிராஃப்ட் சாலை செங்குத்தான மேடு. இளவட்டங்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று அங்கிருந்த பஸ் நிறுத்தங்களில் பெஞ்சுகளை மாநகராட்சி பிடுங்கிவிட்டது. குடிக்கிறவர்கள் பூங்காவுக்குப் போனார்கள். நிற்க முடியாத வயதானவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டோடு முடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தினார்கள். ஃப்ரேயா வீடு வீடாகப் போய் இதைக் கேட்டு எழுதியிருந்தார். அவர் கேட்டதெல்லாம் பெஞ்சுகளைத் திரும்பப் போடுங்கள் என்பதுதான்.

ஆர்மிட்டேஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரருக்கும் புரிகிற ஆராய்ச்சி அதுவரை அவர் கைக்கு வந்ததே இல்லை. அன்று சாப்பிடக்கூடப் போகாமல் வெட்டினார். வந்தது இது: ‘ஹாவ்கிராஃப்ட் சாலை நிறுத்தங்களில் பஸ் ஏறும் முதியவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். அவர்கள் வெளியே வருவதே இல்லை. மாநகராட்சி உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.’

பெஞ்சு எங்கே என்று ஃப்ரேயா கேட்டார். அது நாலாவது வரியில் இருந்தது, அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் ஆர்மிட்டேஜ்.

நேரில் சொல்லத்தான் போனார். போக்குவரத்துக் குழுத் தலைவர் க்ளீஸ்பியை நகர மன்றப் படிக்கட்டில் மடக்கினார். க்ளீஸ்பி கையில் பன்றியிறைச்சி பஃப்ஸ். முதலில் பஃப்ஸைப் பற்றிப் பேச்சு, பிறகு ரக்பி. பெஞ்சு என்று வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து க்ளீஸ்பியைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆர்மிட்டேஜ் நீட்டிய காகிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அவர் போனார்.

குழுக் கூட்டத்தில் க்ளீஸ்பி மூன்று வரியையும் உரக்கப் படித்தார். படித்தவர்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதி இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாராட்டவும் செய்தார். “ஏற ஆளே இல்லாத எடத்துல பஸ் எதுக்கு நிக்கணும்? பல்கலைக்கழகமே சொல்லுது” என்றார். கை தூக்கினார்கள். ஹாவ்கிராஃப்ட் சாலையின் எல்லா நிறுத்தங்களையும் மூடுவதென்று முடிவாயிற்று.

ஃப்ரேயா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆர்மிட்டேஜின் அறைக்குள் வந்தார்.

“நான் பெஞ்சு கேட்டேன் டெரன்ஸ். அவங்க ஸ்டாப்பையே எடுத்துட்டாங்க.”

ஆர்மிட்டேஜ் உண்மையாகவே வருந்தினார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் வரை வருந்தினார். பிறகு டீக் கோப்பையை ஃப்ரேயா பக்கம் நகர்த்தினார்.

“ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ஆராய்ச்சி சொல்லி இவ்வளவு சீக்கிரம் ஒரு கவுன்சில் அசஞ்சு நான் பாத்ததே இல்ல.”

“தப்பான பக்கம் அசஞ்சிருக்கு.”

“எந்தப் பக்கம்னு அரசாங்கம் கேக்கறதில்ல கண்ணு. அசஞ்சுதா இல்லையான்னுதான் கேக்கறாங்க.”

“பெஞ்சுன்னு ஒரு வார்த்தை. அதுக்கு எடமில்லையா?”

ஆர்மிட்டேஜ் யோசித்தார். “மூணு வரியும் நல்லா வந்திருந்தது” என்றார், சற்றுத் தாழ்ந்த குரலில்.

ஃப்ரேயா டீயைத் தொடவில்லை. நாற்பது பக்கத்தையும் தானே க்ளீஸ்பிக்கு அனுப்பினார். தங்கள் ஆய்வின்படி மாநகராட்சி ஏற்கெனவே செயல்பட்டுவிட்டது, நன்றி என்று பதில் வந்தது. அந்தப் பதிலிலும் ஒரு பிரதி தன் கோப்புக்கு வேண்டும் என்று ஆர்மிட்டேஜ் கேட்டனுப்பினார்.

அடுத்த வாரம் சாட்சிக்குப் படமெடுக்க, கேமராவோடு அவரே ஹாவ்கிராஃப்ட் மேட்டில் ஏறினார். தூறிக்கொண்டிருந்தது. மூடிய நிறுத்தத்தில், பெயர்ப்பலகைக் கம்பத்தில் சாய்ந்தபடி மிஸஸ் ப்ராட்பென்ட் என்ற அம்மையார் நின்றிருந்தார். பக்கத்துச் சந்தில்தான் வீடு. பஸ் எப்போது வரும் என்று கேட்டார். இனி இங்கே நிற்காது, அடிவாரத்துக்குப் போக வேண்டும் என்றார் ஆர்மிட்டேஜ்.

“எறங்கிடுவேன் தம்பி. திரும்பி யாரு ஏறுறது? யாரு இப்படிப் பண்ணாங்க?”

ஆர்மிட்டேஜ் கம்பத்தில் கட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள் என்றார் அம்மையார். ‘பல்கலைக்கழக ஆய்வின் அடிப்படையில்’ என்று தொடங்கும் வரி. முதல் சொல்லுக்கு வாயெடுத்த ஆர்மிட்டேஜ், மழையில் எழுத்து மங்கியிருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பிறகு கைக்குட்டையை எடுத்தார். அறிவிப்பில் பல்கலைக்கழகத்தின் பெயர்மேல் வழிந்த துளிகளை மெல்ல ஒற்றித் துடைத்தார். கேமராவை உயர்த்தி, கண்ணை அதில் வைத்தபடியே, கம்பத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அம்மையாருக்குக் கைகாட்டினார்.